சமோவாருக்குள் போன பனிமலை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ஒரோசாலி அவர்களுக்கு,

கோக்-சாயிலிருந்து மாட்டு வைத்தியன் அசன்குல் நெஞ்சில் கை வைத்துத் தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், என் வீட்டுக்காரி ஸூராவும், மாடும், கன்றும், சுவரில் சாய்ந்தே காலம் தள்ளும் என் மோட்டார் சைக்கிளும் நலம். அவ்விடம் தாங்களும், வீட்டு அம்மாவும், குதிரைகளும், பீன்ஸ் வயலும், எங்கள் வீட்டிலிருந்து தங்கள் வீட்டுக்கு வாழ வந்த என் மகளும், அவளைச் சமாளித்துக்கொண்டிருக்கும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நித்திய வேண்டுதல். மகள் இன்னும் நம் உப்புத் தேநீரில் உப்பு அதிகமாகப் போடுகிறாளா? போட்டால் அது தாய் வழி வந்த குணம். பொறுத்துக்கொள்ளவும். நான் பொறுத்துக்கொள்ளவில்லையா?

இந்தக் கடிதம் தங்கள் கைக்கு வருவதற்குள் தங்கள் தங்கை பெர்மெத் அம்மா நடந்ததைப் பாதியாவது சொல்லியிருப்பார். மீதிப் பாதியை என் வாயால் கேட்பதே முறை. தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னால் நீங்கள் நடுவில் சிரிப்பீர்கள், அல்லது நடுவில் திட்டுவீர்கள். கடிதத்தில் யாரும் நடுவில் புக முடியாது. வாழ்நாள் முழுக்க என் நோயாளிகள் நான் பேசும்போது குறுக்கே பேசியதில்லை. வீட்டுக்கு வந்தால் அந்த வசதி கிடையாது. அதனால்தான் பேனாவைப் பிடித்தேன். தயவுசெய்து வயலுக்குப் போகும் அவசரத்தில் படிக்காமல், உட்கார்ந்து, ஒரு கிண்ணம் தேநீர் குடித்துக்கொண்டே படியுங்கள். தேநீர் ஏன் என்பது போகப் போகப் புரியும்.

எங்கள் ஊர் நூலகத்துக்கு ஸூராதான் தலைவி என்பது தாங்கள் அறிந்ததே. அங்கே புத்தக அறைக்குப் பக்கத்தில் ஒரு கூடம். ஒரு அடுப்பு, சில பெஞ்சுகள், மூலையில் தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் ஒரு சமோவார். அந்தக் கூடத்தில் வியாழக்கிழமை மாலைகளில் வெளியூரிலிருந்து யாராவது ஒருவரைக் கூப்பிட்டுப் பேச வைப்பது அவள் ஆரம்பித்த வழக்கம். ஒருமுறை பல் மருத்துவர் வந்து பேசினார். அதன்பின் ஒரு வாரம் ஊரில் யாரும் சிரிக்கவில்லை. ஒருமுறை போக்குவரத்துக் காவலர் வந்து சாலை விதிகளைப் பற்றி மிக அருமையாகப் பேசி, கைதட்டல் வாங்கி, வெளியே போய் வண்டியைப் பின்பக்கமாக எடுத்து நூலக வேலியைச் சாய்த்துவிட்டுப் போனார். ஆனால் யார் வந்தாலும் சரி, பேச்சின் பாதியில் கூடம் காலியாகிவிடும். காரணம் பேச்சாளர் அல்ல, மாடு. பொழுது மலைக்குப் பின்னால் இறங்கியதும் மேய்ச்சலிலிருந்து மாடுகள் ஊருக்குள் வரும். வீட்டுக்கு ஒருவர் போய்த் தங்கள் மாட்டைப் பிரித்து ஓட்டி வராவிட்டால், அது அடுத்த வீட்டு முட்டைக்கோஸில் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும். ஆகவே முதல் 'ம்மா' கேட்டதும், பேச்சாளர் எந்த வாக்கியத்தில் எங்கே நின்றாலும், பெஞ்சுகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிறீச்சிடும். நேரத்தை மாற்றக்கூடாதா என்றால், அதற்கு முன்னால் ஊருக்கு வேலை, அதற்குப் பின்னால் ஊருக்குத் தூக்கம்.

இதை மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தான் துர்குன்பெக். எங்கள் வட்டாரத்துப் பண்பாட்டு அலுவலர். எனக்கு அம்மா வழியில் தம்பி முறை. சின்ன வயசில் என் கழுதையிலிருந்து மூன்று தடவை விழுந்தவன். இப்போது நாற்காலியை விட்டு இறங்குவதே இல்லை. கூடத்துக்குள் வந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, ஸூராவிடம் சொன்னான்:

"அக்கா, காலி பெஞ்சுக்கு எதுக்கு விறகு எரிக்கிறீங்க? ரெண்டு பில்லியர்ட் மேசை போட்டா ஊர் இளவட்டமெல்லாம் ஒழுங்கா ஒரு எடத்துல கெடக்கும். அதுவும் பண்பாடுதானே?"

"பேச வர்றவங்க எங்க போறது தம்பி?"

"பேச வர்றவங்க எங்கயும் போறதில்ல அக்கா. கேக்க வர்றவங்கதான் போயிடுறாங்க."

ஸூராவை வாயடைக்க வைத்த ஒரே மனிதன் என்ற வகையில் எனக்கு அவன் மேல் ஒரு கணம் மரியாதைகூட வந்தது. அவனே இறங்கி வந்து, "சரி, அதிகாரத்துல மூடிட்டேன்னு பேர் வேண்டாம். அடுத்த வியாழன் நானே வந்து உக்கார்றேன். பேச்சு முடியுற வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்காம இருந்தா, இந்தக் கூடம் உங்களுக்கு. நான் இருக்கிற வரைக்கும் யாரும் தொட மாட்டாங்க. ஒரே ஒருத்தர் எந்திரிச்சாலும் மேசை வருது" என்றான். இதை வாசலில் நின்று ஊர் கேட்கும்படி சொன்னான். அந்தச் சாயங்காலம் ஸூரா அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், அழும் மாட்டையாவது தடவிக்கொடுக்கத் தெரியும். அவள் கூடத்துக்குத் திரும்பிப் போய், யாருமே உட்கார்ந்து அழுக்காக்காத பெஞ்சுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு வந்தாள். அதைப் பார்த்தபோதுதான் சம்பந்தி, எனக்கு மூளை வேலை செய்தது. எனக்கு மூளை வேலை செய்யும்போதெல்லாம் என்ன ஆகும் என்பதைக் கல்யாணத்தின்போதே பார்த்தீர்கள்.

"பேச சம்பந்தி வீட்டு ஆளைக் கூப்பிடுவோம்" என்றேன். "அவர் தங்கச்சி பெர்மெத் அம்மா பனிமலையில துளை போட்டு ஆராய்ச்சி பண்றாங்களே. நம்ம சம்பந்தின்னா இந்த ஊருக்கே சம்பந்தி. பாதி ஊர் நம்ம வம்சம், மீதிப் பாதி நம்ம வம்சத்துல பொண்ணு குடுத்தது, எடுத்தது. சம்பந்தி வீட்டு ஆள் வாய் தெறந்து பேசுறப்போ எவன் எந்திரிப்பான்? எந்திரிச்சா அவன் பொண்டாட்டி வீட்டுக்குள்ள விடுவாளா?"

ஸூரா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கல்யாணம் ஆன நாளா நீங்க சொன்னதுல உருப்படியானது இது ஒண்ணுதான்" என்றாள். அந்தப் பாராட்டை நான் பத்திரமாக வைத்திருந்தேன். அடுத்த வியாழன் வரைக்கும்தான் அது நிலைத்தது.

பெர்மெத் அம்மா தலைநகரத்திலிருந்து வந்தார். மலைச் சேறு ஒட்டிய பூட்ஸ், ஒட்ட வெட்டிய முடி, கையில் ஒரு நீலப் பெட்டி. நீண்ட பாதை, உடம்பு முழுக்கக் களைப்பு. வண்டியிலிருந்து இறங்கியதும் "இந்தப் பெட்டியைக் குளுமையான எடத்துல வைங்க" என்று சொன்னதை நான் கேட்டேன், சத்தியமாகக் கேட்டேன். ஆனால் அதற்குள் பெண்கள் கூட்டம் பாய்ந்துவிட்டது. ஒருத்தி தோளில் பூவேலை செய்த நீள அங்கியைப் போட்டாள், ஒருத்தி தலையில் வெள்ளைத் துணி கட்டினாள், ஒருத்தி சம்பந்திக்குச் செய்யும் முறைப்படி ஆட்டு வால்கொழுப்பும் ஈரலும் சேர்த்து அவர் வாயிலேயே ஊட்டினாள். ஆட்டு இடுப்புக் கறி வந்தது, எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டு போர்சோக் மலையாக வந்தது, "சாப்பிடுங்க, சாப்பிடுங்க, ஒண்ணுமே சாப்பிடலையே" என்று நாலா பக்கமும் சத்தம். பனிமலையில் தனியாக மாதக்கணக்கில் கிடப்பவர், எங்கள் ஊர்ப் பெண்கள் நடுவில் கால் மணி நேரத்தில் கண் சொருகி உட்கார்ந்துவிட்டார்.

நீலப் பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கியது அனார்கான். நூலகத்தைக் கூட்டுவதும், சமோவாரைக் காப்பதும், ஸூராவையே அதட்டுவதும் அவள் வேலை. சம்பந்தி கொண்டு வந்ததை மூடி ஓரமாக வைத்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரிக்க வேண்டும், விருந்தில் வைக்க வேண்டும், வந்தவர் எல்லோரும் ஒரு வாயாவது தொட வேண்டும். ஆகவே அனார்கான் பின்னறைக்குக் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்தாள். திறந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இங்க வாங்க. பெட்டி நெறைய ஐஸ்!"

"ஐஸா?"

"சம்பந்தி ஊர் தலாஸ் பக்கம் ஏதோ புனித ஊத்து இருக்காமே, வியாதி எல்லாம் போகுமாமே. அந்தத் தண்ணியா இருக்கும். வழியில சிந்தக்கூடாதுன்னு உறைய வச்சுக் கொண்டாந்திருக்காங்க. படிச்ச மூளை பாருங்க!"

நான் எட்டிப் பார்த்தேன். எனக்கும் புனிதமாகத்தான் பட்டது. மனத்துக்குள் உங்களை நினைத்துக் கண் கலங்கினேன். இவ்வளவு தூரம் எங்களுக்காகத் தண்ணீர் அனுப்பியிருக்கிறாரே என்று. "எல்லாருக்கும் ஒரு வாய் வரணுமே, என்ன பண்றது?" என்று அனார்கான் கேட்டாள். "சமோவார்ல போட்டுடு" என்றேன். 'அசன்குல் அண்ணன்தான் போடச் சொன்னாரு' என்று அவள் இப்போது ஊரெல்லாம் சொல்லித் திரிகிறாள். சொன்னேன்தான். ஆனால் எப்படிச் சொன்னேன் என்பது முக்கியம் சம்பந்தி. ஆலோசனையாகச் சொன்னேன், உத்தரவாகச் சொல்லவில்லை.

கூடம் நிரம்பி வழிந்தது. துர்குன்பெக் முதல் பெஞ்சில், எல்லோரையும் பார்க்கும்படி பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டான். அனார்கான் தேநீர் கொடுத்துக்கொண்டே வந்தாள். கிண்ணத்தில் ஒரு மடக்கு ஊற்றுவாள், குடித்ததும் மறுபடி ஒரு மடக்கு, அதுதானே மரியாதை. துர்குன்பெக்குக்கு மட்டும் விளிம்பு வரை ஊற்றினாள். விளிம்பு வரை ஊற்றினால் 'குடிச்சிட்டு எடத்தைக் காலி பண்ணு' என்று அர்த்தம் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனால் அவமானப்பட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாதே? அவன் சிரித்துக்கொண்டே முழுக் கிண்ணத்தையும் குடித்தான். அவள் சிரித்துக்கொண்டே மறுபடி விளிம்பு வரை ஊற்றினாள். இப்படி இருவரும் சிரித்துச் சிரித்துப் பெரிய கெண்டி ஒன்று காலியானது.

பெர்மெத் அம்மா எழுந்தார். நான் வழக்கம்போல் தூங்குவதற்கு வசதியாகத் தோளைச் சுவரில் சாய்த்தேன். இத்தனை வியாழக்கிழமைகளில் நான் முழித்திருந்து கேட்ட பேச்சு கிடையாது. ஆனால் அந்த அம்மாவின் குரலில் ஏதோ இருந்தது. மேடைப் பேச்சே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் சொல்வதுபோல.

"மலை உச்சியில பனி விழுது" என்றார். "உருகல. அடுத்த வருஷத்துப் பனி அதுக்கு மேல விழுது. அதுவும் உருகல. மேல இருக்கிறது கீழ இருக்கிறதை அமுக்குது. பஞ்சு மாதிரி இருந்தது கல்லாகுது. கோடைக்கு ஒரு தூசிக் கோடு, குளிருக்கு ஒரு வெள்ளை. நாங்க துளை போட்டு எறங்க எறங்க, நான் பொறந்த வருஷம் வருது, எங்கப்பா பொறந்த வருஷம் வருது, அப்புறம் பேர் தெரியாதவங்க பொறந்த வருஷமெல்லாம் வருது. ஒரு எடத்துல முடி அளவுக்குக் கறுப்புக் கோடு. எங்கயோ காடு எரிஞ்சிருக்கு. எரிஞ்சதைப் பாத்தவங்க யாரும் இல்ல. கேட்டவங்களும் இல்ல. மலை மட்டும் மறக்கல."

நான் சுவரிலிருந்து தோளை எடுத்தேன்.

"பனிக்கு நடுவுல காத்து மாட்டிக்கும். சின்னச் சின்னக் குமிழி. இப்ப நீங்க எல்லாரும் மூச்சு விடுறீங்க இல்ல? இது மேல போகும், மலையில பனிக்குள்ள அடைபடும். எவ்வளவோ காலம் கழிச்சு என்ன மாதிரி ஒருத்தி வந்து வெட்டி எடுத்துப் பாப்பா. இன்னைக்குச் சாயங்காலம் நீங்க விட்ட மூச்சு அவ கையில இருக்கும்."

அதன்பிறகு கூடத்தில் எல்லோரும் மிகவும் மரியாதையாக மூச்சு விட ஆரம்பித்தார்கள். என் பக்கத்தில் பச்சை வெங்காயம் தின்றுவிட்டு வந்திருந்த ஒருவர் மெதுவாக வாயைக் கையால் மூடிக்கொண்டார். ஊரிலேயே மூத்தவர் அப்திராய், எண்பது வயதுக்கு மேல், எதற்கும் அசையாதவர், மூச்சை உள்ளே இழுத்து அதை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். சம்பந்தி, நான் பிறந்ததிலிருந்து அந்த மலைகளைப் பார்க்கிறேன். அதன் அடியில் மாடுகளுக்குப் பிரசவம் பார்த்திருக்கிறேன், அதைப் பார்த்துக்கொண்டே சிறுநீர்கூடக் கழித்திருக்கிறேன். அது எங்களையும் பார்த்துக் குறித்து வைத்துக்கொண்டிருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"உங்களுக்குக் காட்டணும்னே ஒரு துண்டு கொண்டாந்திருக்கேன்" என்றார் அந்த அம்மா. முகமெல்லாம் மலர்ந்திருந்தது. "இந்தப் பனி விழுந்தப்போ இந்தப் பள்ளத்தாக்குல குதிரை மேல ஒருத்தன்கூட ஏறியிருக்கல. காதுகிட்ட வச்சுக் கேட்டா, உருகுறப்போ உள்ள இருக்கிற காத்து பட்டு பட்டுன்னு வெடிச்சு வெளிய வர்றது கேக்கும். ஆளுக்கு ஒரு தடவை கேக்கலாம். என் நீலப் பெட்டியைக் கொஞ்சம் கொண்டு வாங்க."

அனார்கான் சமோவாரைப் பார்த்தாள். நான் அனார்கானைப் பார்த்தேன். ஸூரா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்க எனக்குத் தெரிந்த மொழியும் போதாது, மாட்டு வைத்தியமும் போதாது.

 

"பெட்டி இருக்கு சம்பந்தியம்மா" என்றாள் அனார்கான். "காலியா இருக்கு."

"உள்ள இருந்த ஐஸ்?"

"உங்க கையிலதான் இருக்கு."

பெர்மெத் அம்மா தன் கையைப் பார்த்தார். கையில் தேநீர்க் கிண்ணம். கூடத்தில் ஒவ்வொருவரும் தங்கள் கையைப் பார்த்தார்கள்.

"எல்லாத்தையுமா?"

"ஐஸ்ல ஒரு சில்லு விடல. விருந்தாளி கொண்டாந்ததைப் பதுக்குற பழக்கம் இந்த ஊர்ல கெடையாது" என்றாள் அனார்கான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

போச்சு என்று நினைத்தேன். சம்பந்தம் போச்சு, கூடம் போச்சு, என் சாப்பாடும் போச்சு. அந்த அம்மா நின்றபடியே கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இத்தனை வருஷமா இதை அறுக்குறேன், எடை போடுறேன், கண்ணாடிக்கு அடியில வச்சுப் பாக்குறேன். ஒரு தடவைகூடக் குடிச்சுப் பாத்ததில்ல." ஒரே மடக்கில் மீதியைக் குடித்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு. பயப்படாதீங்க, ஆராய்ச்சிக்கு வேண்டியது எங்க ஆய்வகத்துல பத்திரமா இருக்கு. இது உங்களுக்குன்னு கொண்டு வந்த துண்டுதான். காதால கேப்பீங்கன்னு நெனச்சேன். வயித்தால கேட்டுட்டீங்க."

யாரும் சிரிக்கவில்லை சம்பந்தி. அதுதான் விசேஷம். அப்திராய் பெரியவர் தன் வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். கிண்ணத்தில் மீதம் வைத்திருந்தவர்கள் அதைச் சிந்தாமல் இரு கையாலும் பிடித்துக்கொண்டார்கள். குடித்து முடித்தவர்கள் வயிற்றில் கை வைத்துக்கொண்டார்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் வைத்துக்கொள்வதுபோல. நானும் வைத்துக்கொண்டேன். உள்ளே ஒரு குளிர்காலம் இருக்கிறதே என்று நினைத்தபோது எனக்கு நானே அந்நியமாகத் தெரிந்தேன்.

அப்போதுதான் மாடுகள் வந்தன. முதல் 'ம்மா' கேட்டது. துர்குன்பெக் கழுத்தை நீட்டினான். இரண்டாவது கேட்டது, பத்தாவது கேட்டது. ஆளைக் காணாத மாடுகள் நூலக முற்றத்துக்கே வந்துவிட்டன. ஜன்னலில் எங்கள் வீட்டு மாடு தலையை நீட்டி என்னையே முறைத்தது. நான் அதைத் தெரியாதவன்போல் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெஞ்சுகூடக் கிறீச்சிடவில்லை. சம்பந்தி மரியாதைக்காக உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் சொல்லிக்கொள்ளலாம், என் யோசனை பலித்தது என்று மார்தட்டலாம். ஆனால் உண்மை அதுவல்ல. அன்றைக்குப் பேசியது என் வீட்டு மாப்பிள்ளையின் அத்தையாக இல்லாமல் வழிப்போக்கராக இருந்திருந்தாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

எழுந்திருக்கத் துடித்தது ஒரே ஒருவன்தான். துர்குன்பெக் ஒரு காலை மறுகால் மேல் போட்டான். மாற்றிப் போட்டான். நெற்றியில் வியர்வை. விளிம்பு விளிம்பாகக் குடித்ததெல்லாம் கணக்குக் கேட்கிறது என்பது எனக்கு உடனே புரிந்தது. வாயில்லா ஜீவன்களின் முகத்தைப் படிப்பதுதானே என் பிழைப்பு. கடைசியில் அவன் கையைத் தூக்கினான்.

"சம்பந்தியம்மா, ஒரு கேள்வி."

கூடமே திடுக்கிட்டது. சம்பந்தியைக் குறுக்கே கேள்வி கேட்பதா! ஆனால் அந்த அம்மா சந்தோஷமாக, "கேளுங்க தம்பி" என்றார்.

"இல்ல... குதிரை மேல ஆள் ஏறாத காலத்துத் தண்ணின்னு சொன்னீங்க. குடிச்சாச்சு. இப்ப இதை..." அவன் முழங்கால்களைச் சேர்த்து இறுக்கிக்கொண்டான். "இதை வெளிய விடுறது தப்பில்லையா?"

கிண்டலாகக் கேட்கவில்லை. பயந்து கேட்டான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் எதையோ நினைத்து உண்மையாகவே பயந்ததை நான் பார்த்தேன். பெர்மெத் அம்மாவும் சிரிக்காமல் பதில் சொன்னார்: "அவ்வளவு காலம் மலையில அடைஞ்சு கெடந்தது தம்பி. இனிமே அது நடக்கட்டும். தைரியமா போயிட்டு வாங்க."

அவன் பாதி எழுந்தான். அப்போது பின்னாலிருந்து ஸூராவின் குரல் வந்தது, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல.

"தம்பி, ஒரே ஒருத்தர் எந்திரிச்சாலும்னு வாசல்ல நின்னு சொன்னீங்களே. ஞாபகம் இருக்கா?"

அவன் பாதியிலேயே நின்றான். உட்காரவும் இல்லை, எழவும் இல்லை. பிறந்ததும் நிற்கக் கற்றுக்கொள்ளும் கன்றுக்குட்டி மாதிரி.

"அக்கா, நான் கேக்க வந்தவன் இல்ல. பாக்க வந்தவன். என்னைச் சேக்காதீங்க!"

"சேக்கல. அப்போ கூடம்?"

"உங்களுக்குத்தான் அக்கா!"

"பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கல தம்பி."

"கூடம் உங்களுக்கு! யாரும் தொட மாட்டாங்க! எல்லாரும் சாட்சி! வழி விடுங்க!" என்று கத்திக்கொண்டே மாடுகளைத் தள்ளிக்கொண்டு ஓடினான்.

அப்போதுதான் கூடம் சிரித்தது. சுவர் அதிரச் சிரித்தது. ஸூரா சிரிக்கவில்லை. தலைத்துணி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த பெஞ்சை ஒருமுறை கையால் தடவினாள். நான் பார்க்காததுபோல் பார்த்தேன்.

துர்குன்பெக் திரும்பி வந்தான் என்பதையும் நேர்மையாக எழுத வேண்டும். வந்து, இந்தமுறை பக்கவாட்டில் திரும்பாமல் பேச்சாளரைப் பார்த்து உட்கார்ந்து, "அந்தக் காடு எப்படி எரிஞ்சிருக்கும் சம்பந்தியம்மா?" என்று கேட்டான். கேள்விகளை அடைத்திருந்த அணை அவன் உபயத்தில் உடைந்தது. அதன்பின் யார் யாரோ கேட்டார்கள். பனிக்குள் பூச்சி உண்டா, எங்கள் ஆற்றுக்குத் தண்ணீர் தரும் பனி இன்னும் எத்தனை காலம் தாங்கும் என்று. கடைசிக் கேள்விக்கு அந்த அம்மா, "சுருங்கிட்டுத்தான் வருது" என்றார். பிறகு அப்திராய் பெரியவர் இரு கைகளையும் விரித்தார். "உன் கருவி முறியாம இருக்கட்டும் மகளே. உன் காலு வழுக்காம இருக்கட்டும். உன் மலை தலை நரைச்சே இருக்கட்டும்" என்று ஆசி சொன்னார். நாங்கள் எல்லோரும் ஆசியை ஏற்கும் வழக்கப்படி கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தோம். ஊரில் பாதி முட்டைக்கோஸ் அன்று போய்விட்டது. ஒருவர்கூடச் சண்டைக்கு வரவில்லை.

ஆகவே சம்பந்தி, உங்கள் வீட்டுச் சீரைக் கொதிக்க வைத்துக் குடித்த குற்றத்துக்கு எங்கள் ஊர் சார்பில் மன்னிப்புக் கோருகிறேன். அன்று முதல் பல வீடுகளில் அந்தக் கிண்ணத்தைக் கழுவாமல் அலமாரியில் வைத்திருக்கிறார்கள். அப்திராய் பெரியவருக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டதாம். அனார்கான் பனிமலையைக் காய்ச்சியவள் என்ற கௌரவத்தோடு நடக்கிறாள், கூட்டுவதைக் குறைத்துக்கொண்டாள். தங்கள் கூரைக்குக் கீழே எப்போதும் விருந்தாளிச் சத்தம் கேட்கட்டும், குதிரைகள் கொழுக்கட்டும், பீன்ஸ் புழு அண்டாமல் விளையட்டும், என் மகள் மடியில் சீக்கிரமே ஒரு சின்னக் குரல் கேட்கட்டும். வீட்டு அம்மாவுக்கு ஸூராவின் அன்பு. மாப்பிள்ளையின் நெற்றியில் என் முத்தம்.

என்றும் தங்கள் பாசத்துக்கும் கோபத்துக்கும் உரிய,
அசன்குல்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் ஸூரா சமையலறையிலிருந்து அலறினாள். எங்கள் உறைபெட்டியின் அடியில் வெள்ளிக் காகிதம் சுற்றிய நீளமான உருளை ஒன்று இருந்திருக்கிறது. குடலில் குதிரைக்கறி அடைத்த கஸி என்று நினைத்துக் கொதிக்கும் பானையில் இறக்கப் போனவள், காகிதத்தைப் பிரித்ததும் கையை உதறியிருக்கிறாள். உள்ளே பனிக்கட்டி. அனார்கானைப் பிடித்து உலுக்கியதில் உண்மை வந்தது: "பெட்டிக்குள்ள ஐஸுக்கு நடுவுல இருந்துச்சு அக்கா. கஸிதான்னு நெனச்சேன். ஊருக்குப் பங்கு போட்டா ஆளுக்கு நகக்கண் அளவுகூட வராது. உங்க வீட்டுக்கு இருக்கட்டும்னு வச்சேன்." பதுக்கும் பழக்கமே இல்லாத ஊர்! உடனே தங்கள் தங்கையைத் தொலைபேசியில் பிடித்தோம். அந்த அம்மா மூச்சு முட்டச் சிரித்தார். நிஜமான பழைய துண்டு அந்த உருளைதானாம். சமோவாருக்குள் போனது, வழியில் அது உருகாமலிருக்க அவர் தன் வீட்டுக் குழாயில் பிடித்து உறைய வைத்துச் சுற்றி அடுக்கிய தண்ணீராம். நாங்கள் தொப்பி கழற்றியதும், வயிற்றைப் பிடித்துக்கொண்டதும், கூடத்தை வென்றதும், முழங்கால் வலி போனதும் எல்லாம் தலைநகரத்துக் குழாய்த் தண்ணீரால்! இது துர்குன்பெக் காதுக்குப் போகக்கூடாது சம்பந்தி. மாப்பிள்ளையிடம்கூடச் சொல்ல வேண்டாம், அவன் என் மகளிடம் சொல்வான், அவள் ஊருக்கே சொல்வாள். "அப்போ நாங்க ஏமாந்துட்டோமா?" என்று நான் கேட்டேன். "எங்க குழாயில வர்றது எங்கேருந்து வருதுன்னு நெனைக்கிறீங்க அண்ணே?" என்றார் அந்த அம்மா. "அதே மாதிரிப் பனிதான் உருகி, மண்ணுக்குள்ள எறங்கி வருது. கொஞ்சம் சுத்திக்கிட்டு வருது, அவ்வளவுதான். உங்க குழாயிலயும் அதுதான்." போனை வைத்துவிட்டு முகம் கழுவலாம் என்று முற்றத்துக் குழாயைத் திறந்தேன். இரண்டு கையிலும் தண்ணீரை ஏந்திக்கொண்டு நின்றவன் நின்றவன்தான். கீழே விடவும் மனசு வரவில்லை, முகத்தில் அடிக்கவும் துணிவு வரவில்லை. வாசற்படியிலிருந்து ஸூரா கேட்டாள்: "ஏங்க, மூஞ்சி கழுவுறீங்களா, இல்ல தண்ணிகிட்ட மன்னிப்புக் கேக்குறீங்களா?"